காதை மூடிக்கொண்டு பதிந்த இசைத்தட்டு

அப்பாவுக்கு இப்போது என்னைக் கண்டால் ஒரே பகிடி. "எங்கடை வீட்டிலை முதல் பென்ஷன்காரி நீதான் பிள்ளை. நான் இன்னும் பஸ் ஓடுறன், நீ ஓய்விலை இருக்கிறாய்" என்கிறார். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. நான் செய்த வேலை இனி யாருக்கும் கிடையாது. பழைய இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு, கேட்டு, கணினிக்குள் பதிந்து வைக்கும் வேலை. காப்பகத்தில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். மிச்சத் தட்டுகள் வெளியே ஓர் இடத்துக்குப் போகின்றன. அங்கே இயந்திரமே தட்டை எடுத்து வைத்து, இயந்திரமே பதிந்து, கீறல் சத்தங்களையும் இயந்திரமே துடைத்துக் கொடுக்குமாம்.

சங்கத்து இளையோர் சிலர், "அக்கா, அந்த நிலவறைக்குள்ளை இருந்து நீங்கள் என்னதான் செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படியும் நச்சரித்தார்கள். நான் ஒரு வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது. இனித் தெரியும்.

நாங்கள் சேர்த்தது பெரிய பாடகர்களின் தட்டுகளை அல்ல. நற்செய்திப் பாடல் குழுக்களின் தட்டுகளை. நோர்வேயின் மேற்குக் கரையில் ஊருக்கு ஊர் சின்னச் செபக் கூடங்கள் இருந்தன. அங்கே மூன்று சகோதரிகள், அல்லது நாலு மீனவர்கள் சேர்ந்து பாடுவார்கள். கைக்காசில் கொஞ்சத் தட்டுகள் அடித்து ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து விற்பார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்கத் துறைமுகங்களில் நோர்வே மாலுமிகள் வாங்கி, உடுப்புப் பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்த கறுப்பினக் குழுக்களின் தட்டுகள். வாத்தியம் ஒன்றுமில்லாமல் நாலு ஆண் குரல்கள், அடியில் ஒரு கனத்த குரல் நடந்துகொண்டே இருக்கும். பியோர்ண்டால் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த லொப்பெமார்க்கெட்டில், பழம்பொருள் விற்கும் மேசையொன்றில், அப்படி ஒரு தட்டை உறையின் அழகுக்காக வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது அந்தக் கனத்த குரல் என் நெஞ்சுக்கூட்டுக்குள் நடந்தது. அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. நான் சைவக்காரி, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். அதற்கும் இதற்கும் ஒரு சண்டையும் வந்ததில்லை.

படித்தது ஒலித்தொழில்நுட்பம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பெட்டி தூக்கினேன், உறையிலிருந்த தூசியைத் தின்றேன், காய்ச்சி வடித்த தண்ணீரும் மென்தூரிகையும் கொண்டு தட்டுக் கழுவினேன். ராக்ன்ஹில் எனக்கு மேலிருந்தவர். அறுபதை எட்டிய, உயரமான, சிரிக்காத பெண். மேற்குக் கரையில் செபக்கூடப் போதகர் ஒருவரின் மகள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவுக்குத் துணி போட்டு மூடுவார்களாம். பதினெட்டு வயதில் அந்த வீட்டை விட்டும் அந்தப் பக்தியை விட்டும் ஒஸ்லோவுக்கு வந்தவர். பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பாட்டுகளையே பதிந்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. ஒரு விஷயம் பிடித்துப்போனால், மூச்சை உள்ளே இழுத்தபடி "யா" என்பார், "ஓம்" என்று அர்த்தம். அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

அவரிடம் இரண்டு விதிகள் இருந்தன. காதால் கேட்காமல் எதையும் பதியக்கூடாது. பாடிய இடத்தில் இருந்தவர்கள் யாராவது கேட்கும்வரை எதையும் துடைக்கக்கூடாது.

இரண்டாவது விதி எனக்கு எரிச்சலாக இருந்தது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கீறலெல்லாம் போய்விடும், எதற்குக் காத்திருப்பது? ஒருநாள் இதைக் கேட்டே விட்டேன். அவர் மூன்று சகோதரிகள் பாடிய பாட்டு ஒன்றைப் போட்டார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு "டிக்".

"இது என்ன?"

"கீறல்."

"நடுச் சகோதரியின் மோதிரம். கிட்டார் பலகையில் படுகிறது. பாடும்போது பக்கத்தில் இருந்த மகள் வந்து கேட்டுச் சொன்னாள். தாய் சாகும்வரை கழற்றாத மோதிரம்."

அத்தோடு என் வாய் அடங்கியது. பொத்தானை அழுத்த வேண்டும் என்று விரலுக்குள் இருந்த தினவு மட்டும் அடங்கவில்லை.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த தட்டு.

ஜெனி அக்கா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர். என் வேலையைக் கேள்விப்பட்டு, "அப்பாட்டை ஒரு தட்டு இருக்கு, ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?" என்றார். கார்த்திகை முடிகிற நேரம். தே-பானே என்கிற நிலக்கீழ் ரயில் எடுத்து எல்லிங்ஸ்ருட்டில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய அப்பா சவிரிமுத்து. மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கர். நோர்வேக்கு வந்து வடக்கே மீன் ஃபாக்டரியில் பல வருஷம் நின்றவர். நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல எழுந்து வந்து, அலமாரியிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். இரண்டு தாம்பாளத் தட்டுகளுக்கு நடுவே இசைத்தட்டு. சுற்றிவரச் சேலைக்கரையால் இறுக்கிக் கட்டியிருந்தது. அப்படியே யுத்தத்துக்குள்ளால் வந்திருக்கிறது.

பிரித்ததும் எனக்குத் திக்கென்றது. அது கடையில் விற்கிற தட்டு இல்லை. அலுமினியத்தின் மேல் கறுப்புப் பூச்சுப் பூசி, அதில் நேரடியாக வெட்டிப் பதிந்த ஒற்றைத் தட்டு. உலகத்தில் வேறு பிரதி இருக்காது. அந்தப் பூச்சு, வற்றின குளத்துச் சேறு மாதிரி ஓரத்திலிருந்து வெடித்துக்கொண்டு வந்தது. தாம்பாளத்தில் கறுப்புச் செதில்கள் கிடந்தன.

"இதிலை என்ன இருக்கு அங்கிள்?"

"பசாம்" என்றார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமையில் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லி அழுது பாடுவது. "நாங்கள் நாலு பேர். அண்ணன் சந்தியோகுதான் அண்ணாவியார். அவன்தான் பாட்டை எடுத்துக் குடுக்கிறவன். நான் கடைசிக் குரல், அப்ப சின்னப் பெடியன். வெளிநாட்டிலை இருந்து வந்த பங்குச் சுவாமி ஒராள் தட்டு வெட்டுற மெஷின் கொண்டு வந்தவர். இப்ப மற்ற மூண்டு பேரும் இல்லை."

"அண்ணன்ரை குரல் வேறை எங்கையாவது இருக்கோ?"

"எங்கை இருக்கிறது? படமே இல்லை."

நான் அவசரக்காரி. "நாளைக்கே கொண்டு வாங்கோ அங்கிள். நாளைக்கே போட்டுப் பாப்பம்" என்றேன்.

அவர் சேலைக்கரையைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். "ஏலாது பிள்ளை. பெரிய கிழமைக்குத்தான் கேக்கலாம்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். ஜெனி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டில்லை என்று விளங்கியது. பசாம் பெரிய கிழமைக்கு வெளியே வாயிலும் வரக்கூடாது, காதிலும் விழக்கூடாது. அது அவர்கள் ஊரில் வழக்கம். சவம் இல்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பது போலாகிவிடும். அதற்கு மேலே ஒன்றும் இருந்தது. தட்டு வெட்டச் சுவாமி கேட்டபோது அண்ணாவியார் சம்மதிக்கவில்லையாம். பெட்டிக்குள் பூட்டின பாட்டைக் கண்ட நேரம் எடுத்துப் போடுவீர்கள் என்றாராம். கடைசியில், பெரிய கிழமை தவிர ஒருநாளும் இது ஒலிக்காது என்று நாலு பேரையும் பீடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுக்கப்பண்ணிவிட்டுத்தான் பாடினாராம்.

"அப்பா, ஜனவரியிலை உங்களுக்கு நெஞ்சு ஒபரேசன்" என்றார் ஜெனி அக்கா. "பெரிய கிழமை எப்ப வருது? இப்ப கேட்டால் ஆண்டவர் கோவிப்பாரோ?"

"ஆண்டவர் கோவிக்கமாட்டார். அண்ணன் கோவிப்பான்."

"செத்த மனிசன் வந்து கோவிக்கப்போறாரோ?"

"நானும் அங்கைதானே போகப்போறன். போன உடனை முதல் அவன்ரை முகத்திலைதான் முழிக்கவேணும்."

வாசல்வரை வந்த ஜெனி அக்கா என் கையைப் பிடித்தார். "எப்பிடியாவது அவருக்கு ஒருக்காக் கேக்கப்பண்ணுங்கோ. அந்த ஒபரேசனாலை எழும்பி வருவாரோ தெரியாது" என்றார்.

அடுத்தநாள் ராக்ன்ஹில்லிடம் கொட்டித் தீர்த்தேன். தட்டு பெரிய கிழமைவரை தாங்காது. வெப்பமூட்டிய வீட்டில் பூச்சுக் காய்ந்துகொண்டே போகும். ஒருமுறை ஊசி ஓடும், இரண்டாம் முறை ஓடுவது சந்தேகம். மனிதரோ கேட்கவே மாட்டேன் என்கிறார். "நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு பழைய வழக்கத்துக்காக..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "தட்டால் காத்திருக்க முடியாது. அவரால் முடியும். இது இரண்டும் ஒரே விஷயமில்லை" என்றார்.

"விளங்கவில்லை."

"பதிவோம். கேட்கமாட்டோம்."

கேட்காமல் எதையும் பதியாதே என்று எனக்கு அடித்துப் படிப்பித்தவர் இவர். காது இல்லாமல் எந்த ஊசி பொருந்தும் என்று எப்படித் தெரியும்? ஊசி வழுக்கினால் எப்படித் தெரியும்? ஒரே தரம்தான் ஓடப்போகிற தட்டு!

"தெரியாமல் போகலாம்" என்றார் அவர். "அவரிடம் அதையும் சொல். மறைக்காதே. குரல் போனாலும் போகலாம் என்று சொல். பிறகு அவர் முடிவெடுக்கட்டும்."

சொன்னேன். தொலைபேசியில்தான். "அந்த அம்மாவுக்கு இது ஏன் விளங்கினது?" என்று கேட்டார் சவிரி அங்கிள். ராக்ன்ஹில் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவை மூடிவைத்த கதையைச் சொன்னேன். "அப்ப சரி. வாறன்" என்றார்.

ஒரு கிழமை முழுக்கத் தட்டோடு இருந்தோம். பூச்சின் மேல் பூத்திருந்த வெள்ளைப் படிவை ராக்ன்ஹில் ஊசி ஓடும் தவாளிப்பின் போக்கிலேயே, வெடிப்புகளுக்குள் ஈரம் இறங்காமல், துளித்துளியாக எடுத்தார். நுணுக்குக்காட்டியில் தவாளிப்பின் அகலத்தைப் பார்த்து ஊசி தெரிந்தோம். ஓரத்தில் குரல் தொடங்குவதற்கு முன் இருந்த வெறுந்தவாளிப்பில் மட்டும் ஊசியை வைத்து, ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்த்தோம். கிளம்பியிருந்த செதில்களை அரிசி மணியிலும் சின்னத் துண்டுப் பசைத்தாளால் ஓரத்தில் பிடித்தோம். ஒரு செதிலும் அவர் கையில் உதிரவில்லை. நான்தான் மூச்சுவிட மறந்து மறந்து இருமினேன்.

இன்னுமொரு சிக்கல் இருந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டாலும் ஊசி சும்மா இருக்காது. தவாளிப்பில் ஓடும்போது ஊசியே மெல்லியதாகப் பாடும். அமைதியான அறையில் அது காதில் விழும். எல்லோரும் வெளியே போகலாம் என்றால் தட்டை யார் பார்ப்பது?

சவிரி அங்கிளிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவர் சிரித்தார். "அதுக்கென்ன, என்னட்டை சாமான் இருக்கு" என்றார்.

மார்கழியில் ஒரு காலை. வெளியே இன்னும் வெளிக்கவில்லை. அவர் ஜெனி அக்காவின் தோளைப் பிடித்தபடி நிலவறைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் மீன் ஃபாக்டரியில் இயந்திர இரைச்சலுக்குப் போடுகிற சிவப்புக் காதுமூடிகள். ஆளுக்கொன்று.

"பழசுதான். மீன் மணம் அடிக்கும், குறை நினையாதேங்கோ" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். ராக்ன்ஹில் ஒன்றை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தபடி "யா" என்றார்.

நாலு பேரும் காதை மூடினோம். எனக்கு என் இரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ராக்ன்ஹில் ஊசியை இறக்கினார். ஒலியளவு காட்டும் பச்சைக் கோடுகள் திரையில் எழுந்தன, தணிந்தன. அவ்வளவுதான். ஒரு மனிதனின் குரல், பச்சைக் கோடாக.

சவிரி அங்கிள் திரையைப் பார்க்கத் தொடங்கியவர், கொஞ்சத்தில் உதடுகளை அசைத்தார். சத்தமில்லை, உதடு மட்டும். கோடு ஏறினால் அவர் தாடை ஏறியது. கோடு இறங்கினால் அவர் மூச்சு எடுத்தார். அவர் பாட்டைத் திரையில் படித்துக்கொண்டிருந்தார்.

பாதிக்கு மேல் ஓடியிருக்கும். கோடுகள் சட்டென்று விழுந்தன. அடியில் மெல்லிய இரைச்சல் மட்டும். ஊசி தவாளிப்பை விட்டுவிட்டது, பூச்சு கிளம்பிவிட்டது, எல்லாம் போச்சு! ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன். ராக்ன்ஹில் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் தட்டைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

திரும்பினேன். சவிரி அங்கிள் முழந்தாளில் இருந்தார். வெறும் சீமெந்துத் தரையில், ஒபரேசனுக்குக் காத்திருக்கிற நெஞ்சோடு, சிவப்புக் காதுமூடியோடு, கண்ணை மூடி. ஜெனி அக்கா பதறி அவரைப் பிடிக்கக் குனிந்தவர் அப்படியே தானும் இருந்துவிட்டார்.

ஆண்டவர் உயிர்விடும் இடம் அது என்று சவிரி அங்கிள் பிறகு சொன்னார். அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி எல்லாரும் முழந்தாளில் இருந்து பேசாமல் இருப்பார்கள். தட்டில் இடம் கொஞ்சம்தான், அதை விட்டுவிட்டுப் பாடுங்கள் என்று சுவாமி சொன்னதற்கு, அது இல்லாமல் பசாம் இல்லை என்று அண்ணாவியார் நின்றாராம். அவர்கள் தட்டுக்குள்ளும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அந்த மௌனத்துக்குள் கோடு சின்னதாகச் சில தரம் துள்ளியதைக் கண்டேன். தூசியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கோடுகள் திரும்ப எழுந்தன. முடிவுக்குக் கிட்ட, ஊசி போன தடத்தின் பின்னால் கறுப்புப் பூச்சு சுருண்டு எழும்பத் தொடங்கியது. ஊசி ஒரு படி முன்னே, அழிவு ஒரு படி பின்னே. தட்டு முடிந்தபோது ராக்ன்ஹில்லின் கழுத்தெல்லாம் வியர்வை. அந்தத் தட்டு இனி ஒருநாளும் ஓடாது.

கோப்பு கணினியில் இருந்தது. அதைத் திறக்க எனக்கும் அவருக்கும் மட்டும்தான் முடியும். "உன்னை நம்பலாமா?" என்று ராக்ன்ஹில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஜனவரியில் சவிரி அங்கிளுக்கு ஒபரேசன் நடந்தது. பிறகு காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இழுபட்டார். ஒருநாள் ஜெனி அக்கா வார்டு வாசலிலிருந்து தொலைபேசி எடுத்து, "ஃபோனிலையாவது அனுப்புங்கோ, காதுக்குள்ளை வைச்சு விடுறன்" என்று அழுதார். ராக்ன்ஹில்லைக் கேட்டேன். "அவராகக் கேட்டாரா?" என்றார். ஜெனி அக்காவைக் கேட்டேன். "இல்லை. அவர் கேக்கேல்லை" என்றார். அனுப்பவில்லை. அன்று ஹொல்ம்லியா தாண்டி வீட்டுக்குப் போகும்வரை ரயிலில் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சவிரி அங்கிள் அன்றிரவு இறந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

கேட்கவில்லைத்தான். ஆனால் பார்த்தேன். ஒலியைப் படமாகக் காட்டும் திரையில் அந்தப் பாட்டு மலைத்தொடர் போலக் கிடந்தது. நடுவே பள்ளத்தாக்கு. அந்த மௌனத்துக்குள் கூர்கூராகச் சில துள்ளல்கள். மூன்று நெருக்கமாக, கொஞ்சம் இடம் விட்டு இன்னுமொன்று. அப்பட்டமான கீறல். ஒரு பொத்தான் போதும், சுத்தமான மௌனம் கிடைக்கும். அவருக்கு அழகாகக் கொடுக்கலாமே? விரல் போய்ப் போய் வந்தது. பாடிய இடத்தில் இருந்தவர் ஒருவர் இன்னும் கேட்கவில்லை. விதி விதிதான் என்று திரையை மூடினேன்.

பெரிய வெள்ளிக்கிழமை ஒஸ்லோ செத்த ஊர் மாதிரி இருக்கும். கடை, கந்தோர் எல்லாம் பூட்டு. ராக்ன்ஹில் கட்டடத் திறப்பைக் கேட்டு வாங்கியிருந்தார். சவிரி அங்கிள் பாதியாக மெலிந்து, சக்கர நாற்காலியில் வந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சேட்டு. "முழந்தாளிலை இருக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்" என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார், யாருக்குச் சொன்னாரோ. இந்த முறை காதுமூடி இல்லை.

போட்டேன்.

இரைச்சல்தான் முதலில். வெடிப்புகள் மழை போலப் பொழிந்தன. அதற்கு அப்பாலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. அகன்ற, கரகரத்த, அவசரமில்லாத குரல். மற்றக் குரல்கள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லியதாக, உடையப்போகிற ஒரு பையனின் குரல். ஜெனி அக்கா அப்பாவைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார். சவிரி அங்கிளின் முகத்தில் ஒன்றும் இல்லை. அழுவார் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. ஏதோ இன்னும் வராததற்குக் காத்திருப்பவர் போலத் தலையைச் சரித்துக்கொண்டு இருந்தார்.

மௌனம் வந்தது. இரைச்சல் மட்டும் ஓடியது.

டொக். டொக். டொக்.

பலகைத் தரையில் ஏதோ படுகிற சத்தம். கீறல் இப்படிக் கேட்காது. எனக்கு உடனே விளங்கியது. முழந்தாள்கள். பாடியவர்கள் முழந்தாளில் இருக்கும் சத்தம். நான் துடைக்க நினைத்த சத்தம். ஜெனி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சவிரி அங்கிள் விரலை உயர்த்தினார்.

"பொறு."

இரைச்சல்.

டொக்.

"வந்திட்டான்" என்றார்.

"ஆரப்பா?"

"அண்ணன். வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவிலை நசுங்கின கால். மடங்காது. எப்பவும் கடைசியாத்தான் முழந்தாளிலை இருப்பான்." அப்போதுதான் அவர் அழுதார்.

மௌனம் முடிந்து அந்தக் கரகரத்த குரல் மறுபடி எடுத்துக் கொடுத்தது. நான் ராக்ன்ஹில்லைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, நானும் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவர் மூச்சை உள்ளே இழுத்தபடி, எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும், "யா" என்றார்.